தட்டையா, உருண்டையா? அளந்து பார்க்கலாம் வாருங்கள்

பூமியின் வடிவத்தைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். சிலர் வாதத்துக்கு விடை கேட்டிருக்கிறார்கள். சிலர் தாங்களே சோதித்துப் பார்க்க வழி கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது வகைக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கே: என் தம்பி தினமும் வீடியோ பார்த்துவிட்டு வந்து, பூமி தட்டைதான் என்று வாதம் செய்கிறான். விண்வெளிப் படங்களைக் காட்டினால் எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்தவை என்கிறான். எப்படிப் பேசுவது?

ப: படங்களை ஓரமாக வைத்துவிடுங்கள். படத்தை நம்புவதா வேண்டாமா என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. தம்பியிடம் இரண்டே விவரம் கேளுங்கள். உன் பூமிக்கு வரைபடம் எது? அதில் சூரியன் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

தட்டைப் பூமி பேசுகிறவர்கள் பெரும்பாலும் காட்டுவது வட துருவம் நடுவில் இருக்கும் வட்ட வரைபடம். அதில் நிலநடுக்கோடு, துருவத்திலிருந்து 10,000 கி.மீ. ஆரமுள்ள ஒரு வட்டம். அண்டார்டிகா வெளிவிளிம்பில் பனிச்சுவராக நிற்கும். சூரியன் சில ஆயிரம் கி.மீ. உயரத்தில் அந்த வட்டத்தின் மேல் சுற்றிவரும். இதைத் தம்பி ஒப்புக்கொண்டால் போதும், வாதம் கணக்காக மாறிவிடும். எந்த ஊரில் எத்தனை மணிக்கு நிழல் எவ்வளவு நீளம், சூரியன் எந்தத் திசையில் மறையும், எந்த விமானம் எத்தனை மணி நேரம் பறக்கும் என்று ஒவ்வொன்றுக்கும் அந்த வரைபடம் ஓர் எண்ணைத் தந்தாக வேண்டும். உருண்டையும் ஓர் எண்ணைத் தரும். இரண்டையும் எழுதிவைத்துவிட்டு, பிறகு அளக்கலாம். வரைபடமும் தர மாட்டேன், உயரமும் சொல்ல மாட்டேன் என்றால் சோதித்துப் பார்க்க அங்கே எதுவும் இல்லை. அதையும் கோபப்படாமல் சொல்லிவிடுங்கள்.

கே: பழைய கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் குச்சியின் நிழலை வைத்துப் பூமியை அளந்தார் என்று படித்தோம். ஆனால் பூமி தட்டையாக இருந்து சூரியன் பக்கத்தில் இருந்தாலும் இரண்டு ஊர்களில் நிழல் வேறுபடுமே? அப்படியானால் அது எப்படி நிரூபணம் ஆகும்?

ப: மிகச் சரியான கேள்வி. பல பாடப்புத்தகங்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகின்றன. எரட்டோஸ்தனீஸ் கி.மு. 240 வாக்கில் செய்த கணக்கு இதுதான்: ஆண்டின் மிக நீண்ட பகலுள்ள கோடைத் திருப்ப நாளில், உச்சிவேளையில், எகிப்தின் தெற்கில் உள்ள சயீனில் சூரியன் தலைக்கு நேர் மேலே நின்றது. அதே வேளையில் வடக்கே அலெக்சாந்திரியாவில் 7.2 டிகிரி சாய்ந்திருந்தது. 7.2 என்பது 360-இல் 50-இல் ஒரு பங்கு. இரண்டு ஊர்களுக்கும் இடையே 5,000 ஸ்டேடியம் (அக்காலக் கிரேக்க நீள அளவு). எனவே சுற்றளவு 2,50,000 ஸ்டேடியம். பூமி உருண்டை, சூரியக் கதிர்கள் இணையாக வருகின்றன என்று முதலிலேயே வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. அளந்தது உருவத்தை அல்ல, அளவை.

பழைய சீனத்தில் இதே நிழல் கணக்கைத் தட்டைத் தரை என்று வைத்துக்கொண்டு போட்டார்கள். அவர்களுக்கும் விடை வந்தது: சூரியனின் உயரம் 80,000 லீ (பழைய சீன நீள அளவு). இரண்டு குச்சிகள் மட்டும் இருந்தால் இரண்டு விடையும் பொருந்தும். மூன்றாவது குச்சிதான் தீர்ப்பு சொல்லும்.

மார்ச் 20 வாக்கிலோ செப்டம்பர் 22, 23 வாக்கிலோ, பகலும் இரவும் சமமாகும் நாளில், நிலநடுக்கோட்டில் உச்சிவேளைக்கு நிழல் இருக்காது. அங்கிருந்து வடக்கே வெவ்வேறு தூரங்களில் 1 மீட்டர் குச்சியை நட்டால் நடுப்பகலில் விழும் நிழல்கள் இவை: 10 டிகிரி அட்சரேகையில் 17.6 செ.மீ., 30 டிகிரியில் 57.7 செ.மீ., 45 டிகிரியில் சரியாக 1 மீட்டர், 60 டிகிரியில் 1.73 மீட்டர், 80 டிகிரியில் 5.67 மீட்டர்.

இப்போது தரை தட்டை என்று வைத்துக்கொள்வோம். வடிவொத்த முக்கோணம்தான்: நிலநடுக்கோட்டிலிருந்து உள்ள தூரத்தை நிழலின் நீளத்தால் (மீட்டரில்) வகுத்தால் சூரியனின் உயரம் வந்துவிட வேண்டும். ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. போட்டு வகுத்துப் பாருங்கள். 10 டிகிரியில் நிற்பவருக்குச் சூரியன் சுமார் 6,300 கி.மீ. உயரத்தில் இருக்கும். 30 டிகிரிக்காரருக்கு 5,770. 45-இல் 5,000. 60-இல் 3,850. 80-இல் வெறும் 1,570. ஒரே நாள், ஒரே சூரியன், ஐந்து உயரங்கள். உருண்டைக் கணக்கில் இந்த ஐந்து பேரும் ஒரே சுற்றளவைத்தான் பெறுவார்கள்: 40,000 கி.மீ. நிழல் நேர்கோட்டு விகிதத்தில் வளராமல் கடைசியில் எகிறிப் போகிறதே, அங்கேதான் பூமியின் வளைவு தெரிகிறது.

கே: அந்த நிழல் சோதனையை எங்கள் மாணவர்களைக் கொண்டு செய்ய ஆசை. என்னென்ன வேண்டும்? போன முறை செய்தபோது சுற்றளவு 52,000 கி.மீ. என்று வந்தது.

ப: 52,000 வந்ததற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: தரை மட்டமில்லாதது, நிழலின் நுனியைத் தவறாகக் குறித்தது, சாலைத் தூரத்தைப் போட்டது.

குச்சியின் நுனி நிழல் ஒருபோதும் கூர்மையாக விழாது. சூரியன் வானத்தில் அரை டிகிரி அகலமுள்ள வட்டம். அதனால் நுனியிலிருந்து 1 மீட்டர் தள்ளி விழும் நிழலின் ஓரம் சுமார் 9 மி.மீ. அகலத்துக்கு மங்கிக் கிடக்கும். ஆளாளுக்கு ஓர் இடத்தைக் குறிப்பார்கள். இதற்கு எளிய மாற்று உண்டு. தடித்த அட்டையில் 3 மி.மீ. துளை போட்டு, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் ஒரு ஸ்டாண்டில் படுக்கைவாக்கில் பொருத்துங்கள். தரையில் அட்டையின் நிழலுக்கு நடுவே சூரியனின் சின்ன ஒளிவட்டம் விழும். அதன் நடுப்புள்ளியைக் குறிப்பது சுலபம்.

துளையிலிருந்து ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அது தொடும் இடத்தைப் பூஜ்யம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்ட் நேராக நிற்கிறதா என்ற கவலையே இனி வேண்டாம். தரை மட்டும் மட்டமாக இருந்தால் போதும். ஒரு பெரிய பலகையைப் போட்டு, ரசமட்டத்தைக் குறுக்காகவும் நெடுக்காகவும் இரண்டு முறை வைத்துப் பாருங்கள். 1 மீட்டருக்கு 1 செ.மீ. சாய்ந்திருந்தால் கோணத்தில் 0.57 டிகிரி போய்விடும். பூமியில் அது 64 கி.மீ. தூரத்துக்குச் சமம்.

உச்சிவேளை என்பது கடிகாரத்தின் 12 மணி இல்லை. 11:30-க்கே தொடங்கி, 5 நிமிடத்துக்கு ஒரு புள்ளி வைத்துக்கொண்டே 1 மணி வரை போங்கள். பூஜ்யத்துக்கு மிக அருகில் வந்த புள்ளிதான் உச்சிவேளை. நேரமாற்றமோ பெரிய தீர்க்கரேகை வேறுபாடோ இருந்தால் இன்னும் முன்பின்னாக நீட்டிக்கொள்ளுங்கள். இப்படிச் செய்தால் இரண்டு ஊர்களும் ஒரே தீர்க்கரேகையில் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அவரவர் உச்சிவேளையை அவரவர் பிடித்தால் போதும், நாள் மட்டும் ஒன்றாக இருக்கட்டும்.

தூரம் என்று போட வேண்டியது வடக்கு-தெற்குத் தூரம் மட்டும். இரண்டு ஊர்களின் அட்சரேகைக் கோடுகளுக்கு இடையே வரைபடத்தில் செங்குத்தாக அளக்க வேண்டும். சாலைத் தூரம் எப்போதும் கூடுதலாக இருப்பதால் சுற்றளவும் ஊதிவிடும்.

ஒரு மாதிரி: சமநாளில் ஓர் ஊரில் 21.3 செ.மீ., இன்னோர் ஊரில் 40.4 செ.மீ. நிழலை உயரத்தால் வகுத்து, கால்குலேட்டரில் டேன் தலைகீழ் (tan⁻¹) எடுத்தால் 12.0 டிகிரி, 22.0 டிகிரி. வித்தியாசம் 10. வடக்கு-தெற்குத் தூரம் 1,108 கி.மீ. என்றால் 36-ஆல் பெருக்கி, 39,900 கி.மீ. இந்த இடைவெளியில் அரை செ.மீ. பிசகினால் சுற்றளவில் 1,000 கி.மீ. பிசகும். ஊர்கள் நெருங்க நெருங்கப் பிழை பெருகும், 500 கி.மீ.க்குக் கீழே போக வேண்டாம். சூரியன் இரண்டு ஊர்களுக்கும் நடுவே உச்சியில் நிற்கும் மாதங்களில் ஒரு நிழல் வடக்கிலும் மற்றது தெற்கிலும் விழும். அப்போது கோணங்களைக் கழிக்கக் கூடாது, கூட்ட வேண்டும்.

முந்தைய பதிலில் சொன்ன தட்டையா உருண்டையா சோதனைக்கு இந்த இரண்டு ஊர்கள் போதாது. 12 டிகிரிக்காரருக்கும் 22 டிகிரிக்காரருக்கும் தட்டைக் கணக்கில் வரும் சூரிய உயரம் சுமார் 3.5 சதவீதம்தான் வேறுபடும், அது உங்கள் அளவீட்டுப் பிழைக்குள் ஒளிந்துகொள்ளும். 50 டிகிரிக்கு மேலே இருக்கும் ஒரு பள்ளியை எப்படியாவது சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: சூரியன் மறைவது வெறும் தோற்றம், தூரம் போகப் போகத் தண்டவாளம் ஒன்று சேர்வதுபோலச் சூரியனும் தரையைத் தொடுவதாகத் தெரிகிறது என்கிறார்களே?

ப: இதற்கும் எண் போட்டுப் பார்த்துவிடலாம். 45 டிகிரி நிழலிலிருந்து வந்த 5,000 கி.மீ. உயரத்தையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் நிலநடுக்கோட்டில் நிற்கிறீர்கள், சமநாள். நடுப்பகலில் சூரியன் தலைக்கு மேல் 5,000 கி.மீ. ஆறு மணி நேரம் கழித்து அது வட்டத்தில் கால்பங்கு நகர்ந்திருக்கும். தரையில் அளந்தால் 14,142 கி.மீ. தள்ளி. உயரத்தையும் சேர்த்தால் உங்களிடமிருந்து சரியாக 15,000 கி.மீ. தூரம்.

அப்போது மூன்று விஷயம் நடந்தாக வேண்டும். சூரியன் தொடுவானத்துக்கு மேல் 19.5 டிகிரியில் நிற்க வேண்டும். கையை நீட்டி விரல்களை விரித்தால் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை ஏறக்குறைய 20 டிகிரி, அவ்வளவு உயரம். இரண்டாவது, அதன் அகலம் நடுப்பகலில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்க வேண்டும். மூன்றாவது, அது வடமேற்கில் தெரிய வேண்டும். நள்ளிரவில்கூட 14 டிகிரி உயரத்தில் வட துருவத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும்.

நடப்பது என்ன? சமநாளில் நேர் மேற்கில், முழு அளவில், கீழ் ஓரத்திலிருந்து வெட்டுப்பட்டு மறைகிறது. தண்டவாளத் தோற்றம் பொருளைச் சின்னதாக்கும், பாதியாக நறுக்காது.

அளந்து பார்க்க விரும்பினால், தரச்சான்று உள்ள சூரிய வடிகட்டியை லென்ஸின் முன்பக்கம் பொருத்தி, ஒரே ஜூமில் நடுப்பகலில் ஒன்று, மாலையில் ஒன்று எடுங்கள். வடிகட்டி இல்லாமல் எடுத்தால் ஒளிச்சிதறலில் நடுப்பகல் சூரியன் பெரிதாகத் தெரியும். ‘சுருங்குகிறது’ என்று காட்டும் வீடியோக்கள் பலவற்றில் நடப்பது அதுதான். வடிகட்டியில் ஓட்டையோ கீறலோ இருந்தால் தொடவே வேண்டாம், கண் போய்விடும். படத்தில் குறுக்கு அகலத்தை மட்டும் அளங்கள். தொடுவானத்தில் காற்றின் ஒளிவிலகல் சூரியனைச் சுமார் அரை டிகிரி தூக்கிக் காட்டும், மேலும் கீழுமாக நசுக்கியும் காட்டும். பக்கவாட்டு அகலம் அநேகமாக அப்படியே இருக்கும்.

கே: 20 கி.மீ. தூரத்தில் உள்ள கட்டடத்தில் 31 மீட்டர் மறைந்திருக்க வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. ஆனால் தண்ணீருக்கு மேல் 2 மீட்டர் உயரத்தில் நின்று பார்த்தபோது பாதிக்கும் மேல் தெரிந்துவிட்டது. வளைவு எங்கே போனது?

ப: தவறு பூமியில் இல்லை, சூத்திரத்தில் இருக்கிறது. ‘மைலின் வர்க்கத்துக்கு 8 அங்குலம்’ என்று சுற்றிக்கொண்டிருக்கும் கணக்கு, கிலோமீட்டரில் சொன்னால் 1 கி.மீ.க்கு 7.85 செ.மீ., தூரத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 20 கி.மீ.க்கு 31.4 மீட்டர். இந்தக் கணக்கு, கண் தண்ணீரின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் மட்டுமே சரி. கண் உயர்ந்தால் தொடுவானம் தள்ளிப் போகும், தொடுவானம் வரை எதுவும் மறையாது.

சரியான முறை: கண்ணின் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானம் கி.மீ.யில் வரும். 2 மீட்டருக்கு 5.05 கி.மீ. மொத்த 20-இல் அதைக் கழித்தால் 14.95. அதன் வர்க்கத்தை 7.85 செ.மீ.யால் பெருக்கினால் 17.5 மீட்டர்.

அதோடு காற்றையும் சேர்க்க வேண்டும். கீழே அடர்ந்தும் மேலே நெகிழ்ந்தும் இருப்பதால் காற்று ஒளியைப் பூமியின் வளைவை ஒட்டியே லேசாக வளைக்கிறது. சாதாரண நாட்களில் அதன் பலன், பூமியின் ஆரம் ஆறில் ஒரு பங்கு கூடியதுபோல. அப்போது மறைவது சுமார் 14 மீட்டர். நீங்கள் பார்த்தது இதுவாகத்தான் இருக்கும்.

குளிர்ந்த தண்ணீருக்கு மேல் வெதுவெதுப்பான காற்று தங்கும்போது வளைப்பு இன்னும் கூடும். மேலே போகப் போக மீட்டருக்கு ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக வெப்பம் ஏறினாலே, ஒளி பூமியின் வளைவோடு சேர்ந்தே ஓடும். 1838-இல் இங்கிலாந்தில் தட்டைப் பூமி பேசிய சாமுவேல் ரோபாதம் ஏமாந்தது இங்கேதான். ஓல்ட் பெட்ஃபோர்டு என்ற நேரான கால்வாயில் 6 மைல் தூரம் போன படகைத் தண்ணீருக்கு 20 செ.மீ. உயரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். கடைசி வரை தெரிந்தது, தட்டை என்று முடிவுகட்டினார். ஒளி மிக அதிகமாக வளையும், தண்ணீரை ஒட்டிய காற்றுப்படலத்துக்குள்ளேயே பார்வையை வைத்ததுதான் பிழை. 1870-இல் அதே கால்வாயில் 500 பவுண்டு பந்தயத்துக்காக இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் சோதனையைத் திருத்திச் செய்தார். பார்வைக்கோட்டைத் தண்ணீருக்கு 4 மீட்டர் மேலே தூக்கினார். இரு முனையிலும் நடுவிலும் ஒரே உயரத்தில் குறிகள் வைத்தார். தொலைநோக்கியில் நடுக்குறி மற்றவற்றை விட உயர்ந்து தெரிந்தது. கால்வாயின் நடு, முனைகளைச் சேர்க்கும் நேர்கோட்டுக்கு 6 அடி மேலே இருப்பதுதான் காரணம். பந்தயம் கட்டிய ஜான் ஹாம்ப்டன் ஒப்புக்கொள்ளவில்லை, வழக்கு வம்பு என்று ஆண்டுக்கணக்கில் இழுத்தது.

நீங்கள் இன்னொரு முறை போகும்போது இதைச் செய்யுங்கள். 2 மீட்டரில் ஒரு படம், பிறகு அதே கரையில் 20 மீட்டர் உயரத்துக்கு ஏறி ஒரு படம். உருண்டைக் கணக்கின்படி மறைவது 14 மீட்டரிலிருந்து அரை மீட்டராகக் குறைய வேண்டும். தட்டைத் தரையில் ஏறினாலும் இறங்கினாலும் எதுவும் மறைந்திருக்கக் கூடாது. வெவ்வேறு நாட்களில், வெவ்வேறு நேரங்களில் எடுங்கள். காற்றை விடச் சூடான நீர்ப்பரப்பின் மேல் கானல் உண்டாகி அடிப்பகுதியைக் கூடுதலாக மறைத்துவிடும். ஒரே ஒரு படத்தை வைத்து இரண்டு தரப்பும் பேசக் கூடாது.

கே: மறைந்த படகை ஜூம் கேமரா திரும்பக் கொண்டுவந்து விடுகிறதே?

ப: அது மறைந்த படகு இல்லை, சிறுத்த படகு. 1 மீட்டர் அளவுள்ள பொருள் சுமார் 3.4 கி.மீ. தாண்டினால் வெறும் கண்ணுக்குப் புள்ளியாகவும் தெரியாது. தொடுவானத்துக்கு இப்பால் இருக்கும்வரை ஜூம் அதை மீட்டுக் காட்டும். அப்பால் போன பெரிய கப்பலைப் பிடித்து ஜூம் செய்யுங்கள். மேல்தளம் பெரிதாகும், அடிப்பாகம் வராது.

கே: தண்ணீர் எப்போதும் மட்டமாகத்தான் நிற்கும். சூயஸ் கால்வாயை வெட்டியவர்கள் வளைவுக்காக எதையும் கழிக்கவில்லையாமே?

ப: மட்டம் என்ற சொல்லில்தான் சிக்கல். ரசமட்டத்தின் குமிழி காட்டுவது நேர்கோட்டை அல்ல, தூக்குக்குண்டு தொங்கும் திசைக்குச் செங்குத்தான திசையை. ஒவ்வோர் ஊரிலும் தூக்குக்குண்டு பூமியின் நடுவை நோக்கி இழுபடுவதால், மட்டம் பார்த்துக்கொண்டே போகிறவர் தானாகவே வளைவில் போகிறார். கால்வாய் வெட்டுகிறவர் தனியாகக் கழிக்க வேண்டியதில்லை, கருவி ஒவ்வொரு முறை நிறுத்தப்படும்போதும் அந்த வேலையைச் செய்துவிடுகிறது.

ஆனால் ஒரே நிறுத்தத்தில் வெகுதூரம் பார்த்தால் கழித்தே ஆக வேண்டும். நில அளவை படித்தவர்களுக்கு இந்த எண் மனப்பாடம்: வளைவுக்கும் ஒளிவிலகலுக்கும் சேர்த்து 0.0673 மீட்டர், கி.மீ.யின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். 100 மீட்டருக்கு 0.7 மி.மீ. கூட இல்லை. 300 மீட்டருக்கு 6 மி.மீ. ஆகிவிடும். அதனால்தான் லெவல் கருவியை இரண்டு அளவுகோல்களுக்கும் சரிநடுவில் நிறுத்தச் சொல்கிறார்கள். பின்நோக்கும் முன்நோக்கும் சம தூரமாக இருந்தால் இரண்டு பக்கப் பிழையும் ஒன்றை ஒன்று அடித்துவிடும். ஒரு பக்கம் 20, மறுபக்கம் 300 என்று சோம்பலாக நிறுத்துகிறவருக்குக் கடைசியில் மட்டம் ஒட்டாது.

பெரிய கட்டுமானங்களில் இது வெளிப்படையாகவே தெரியும். நியூயார்க்கில் உள்ள வெரசானோ பாலத்தின் இரண்டு கோபுரங்களும் 1,298 மீட்டர் இடைவெளியில், 211 மீட்டர் உயரத்தில் நிற்கின்றன. இரண்டும் அவரவர் இடத்தில் கச்சிதமாகச் செங்குத்து. ஆனாலும் அடியை விட உச்சியில் இடைவெளி 41 மி.மீ. அதிகம். இடைவெளியை உயரத்தால் பெருக்கி, பூமியின் ஆரமான 63,71,000 மீட்டரால் வகுத்துப் பாருங்கள், 43 மி.மீ. வருகிறது. ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ ஆய்வகத்தில் 4 கி.மீ. நீளமுள்ள நேரான குழாய் வேண்டும். அந்தத் தூரத்தில் பூமி ஒரு மீட்டருக்கு மேல் வளைந்துவிடுவதால், குழாயை நேராக வைக்க அடித்தளத்தை அதற்கேற்ப அமைத்தார்கள்.

கே: விமானத்திலிருந்து பார்த்தேன். தொடுவானம் நேர்கோடாக, கண் மட்டத்திலேயே இருந்தது.

ப: வளைவு தெரியவில்லை என்பது உண்மையாகவே இருக்கும். ‘விமானத்தில் போனால் உருண்டை தெரியும்’ என்று சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தோடு தப்பான சாட்சியைக் கூட்டிவருகிறார்கள். 10.7 கி.மீ. உயரத்தில், 60 டிகிரி அகலம் பிடிக்கும் படத்தில், தொடுவானத்தின் நடுவுக்கும் ஓரத்துக்கும் உள்ள வேறுபாடு படத்தின் அகலத்தில் 1 சதவீதம்கூட இல்லை. 4,000 பிக்சல் அகலமுள்ள படத்தில் 30 பிக்சல் அளவு. சின்ன ஜன்னல் வழியே கண்ணால் அதைப் பிடிப்பது கடினம். லென்ஸ் வளைத்துக் காட்டுவது அதை விடப் பல மடங்கு இருக்கலாம். சோதிக்க, தொடுவானத்தைப் படத்தின் சரிநடுவில் வைத்து எடுங்கள், பிறகு கேமராவைத் தலைகீழாகப் பிடித்து ஒன்று எடுங்கள். இரண்டாவது படத்தை நேராக்கிப் பார்க்கையில் வளைவு எதிர்ப்பக்கம் திரும்பினால் அது லென்ஸின் வேலை.

‘கண் மட்டத்திலேயே’ என்பதுதான் தவறு. அந்த உயரத்தில் தொடுவானம் மட்டத்துக்கு 3.3 டிகிரி கீழே இருக்கும். விமானம் சாய்ந்தும் வேகம் மாறியும் போவதால் அங்கே மட்டம் பார்ப்பது நம்பகமில்லை. கடல் தெரியும் மலை உச்சிதான் நல்ல இடம். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூப் தெரியுமல்லவா, அதில் ஒன்றரை மீட்டர் துண்டு வாங்கி, 50 செ.மீ. பலகையின் இரு முனையிலும் நிமிர்த்திக் கட்டுங்கள். சாயம் கலந்த தண்ணீரை முக்கால் அளவுக்கு ஊற்றுங்கள். காற்றுக்குமிழி ஒன்று சிக்கினாலும் இரண்டு மட்டமும் பொய் சொல்லும், டியூபைச் சுண்டிச் சுண்டி எல்லாவற்றையும் வெளியேற்றிவிடுங்கள். இரண்டு நீர்மட்டங்களையும் ஒரே கோட்டில் வைத்து ஒரு கண்ணால் பாருங்கள். கடற்கரையில் நின்றால் தொடுவானம் அந்தக் கோட்டில் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். 1,000 மீட்டர் உயரத்தில் பார்த்தால் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்கும். தூரத்து மட்டத்துக்கு 8 மி.மீ. கீழே தொடுவானம், கண்ணுக்கு நன்றாகவே தெரியும் அளவு. தொடுவானத்தில் புகைமூட்டம் இருந்தால் அந்த நாளை விட்டுவிடுங்கள், மூட்டத்தின் மேல்விளிம்பைத்தான் தொடுவானம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

கே: தெற்கு அரைக்கோளத்தைப் பற்றித் தட்டைப் பூமிக்காரர்கள் பேசுவதே இல்லையே, ஏன்?

ப: வட்ட வரைபடத்தில் தெற்கே போகப் போக எல்லாம் இழுபட்டு அகலமாகிவிடுவதால்தான். ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்கு உருண்டையில் 11,300 கி.மீ. அந்த வட்ட வரைபடத்தில் அளந்தால் 25,600 கி.மீ.க்கு மேல். இடையில் எங்கும் இறங்காத விமானங்கள் அந்தத் தூரத்தை 12 முதல் 14 மணி நேரத்தில் கடக்கின்றன. தட்டை வரைபடம் சரியென்றால் அவை மணிக்கு 2,000 கி.மீ. வேகத்தில் பறக்க வேண்டும். பயணிகள் விமானத்தின் வேகம் 900 சொச்சம்.

நட்சத்திரங்கள் இன்னும் அழகான சாட்சி. சிலி, தென்னாப்பிரிக்கா, ஆஸ்திரேலியா மூன்றிலும் தெற்கே பார்க்கிறவர்கள், தட்டை வரைபடத்தில் ஒருவரிடமிருந்து ஒருவர் விலகி மூன்று வெவ்வேறு திசைகளைப் பார்க்கிறார்கள். ஆனால் மூவரும் காண்பது ஒரே தென்வான முனையை, அதைச் சுற்றும் அதே நட்சத்திரங்களை. அகத்திய நட்சத்திரம் தெற்கே உயரத்தில் நிற்கும், வடக்கே போகப் போகத் தாழும், 37 டிகிரி வட அட்சரேகையைத் தாண்டினால் தொடுவானத்துக்கு அடியில் போய்விடும்.

2024 டிசம்பரில் இரு தரப்பிலிருந்தும் சிலர் அண்டார்டிகாவுக்கே போய், 24 மணி நேரமும் சூரியன் மறையாமல் சுற்றிவருவதைப் படமெடுத்தார்கள். அண்டார்டிகா விளிம்பாகவும் சூரியன் உள்வட்டத்திலும் இருந்தால் அது நடக்க வழியில்லை. போனவர்களில் தட்டை என்று நம்பியிருந்த ஒருவர் சூரியனைப் பற்றித் தான் சொல்லிவந்தது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்படி ஒப்புக்கொள்ள மனம் வேண்டும், அவரை மதிக்கிறோம்.

கே: கொலம்பஸ் போய்வரும் வரை உலகம் தட்டை என்றுதான் எல்லோரும் நம்பினார்களா?

ப: இல்லை. 1828-இல் அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் எழுதிய கொலம்பஸ் வரலாறு பரப்பிய கதை அது. கொலம்பஸோடு வாதாடிய அறிஞர்களுக்கு உருண்டை என்பதில் சந்தேகமே இல்லை, சண்டை அளவைப் பற்றியது. கொலம்பஸ் பூமியை மிகச் சிறிதாகக் கணித்திருந்தார். எதிர்த்தவர்கள் கணக்குதான் சரி. கி.பி. 499-இல் ஆரியபட்டர், கடம்பப் பூவின் உருண்டையை இதழ்கள் எல்லாப் பக்கமும் மூடியிருப்பதுபோலப் பூமியை உயிர்கள் மூடியிருக்கின்றன என்று எழுதினார். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர், ஒரு வட்டத்தின் சுற்றளவில் நூறில் ஒரு பங்கை மட்டும் பார்த்தால் நேர்கோடாகத்தான் தெரியும், பூமி பெரிது, மனிதன் சிறியவன், அதனால் தட்டையாகத் தோன்றுகிறது என்றார். விமான ஜன்னல் கேள்விக்கும் அதுவே விடை.

கே: உருண்டை என்கிறீர்கள், சிலர் முட்டை என்கிறார்கள், சிலர் பேரிக்காய் என்கிறார்கள். எது சரி?

ப: துருவங்களில் லேசாக அமுங்கிய உருண்டை. நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கி.மீ., துருவ ஆரம் 6,357 கி.மீ. முதல் துப்பு கொடுத்தது ஓர் ஊசல் கடிகாரம். 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ழான் ரிஷே பாரிஸில் சரியாக ஓடிய கடிகாரத்தை தென் அமெரிக்காவில் நிலநடுக்கோட்டுக்கு அருகே உள்ள கயென்னுக்குக் கொண்டுபோனார். நாளுக்கு சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலைக் கிட்டத்தட்ட 3 மி.மீ. குறைத்த பிறகுதான் நேரம் ஒத்துவந்தது. அங்கே ஈர்ப்பு குறைவு. பூமியின் சுழற்சியும் நடுவிலிருந்து கூடிய தூரமும் சேர்ந்து செய்யும் வேலை அது.

வரையும்போது அளவு தப்பக் கூடாது. பூமியை 1 மீட்டர் விட்டமுள்ள உருண்டையாகச் செய்தால், துருவ விட்டம் 3.4 மி.மீ. மட்டும் குறையும். எவரெஸ்ட் 0.7 மி.மீ. மேடு. முட்டையாகவோ பேரிக்காயாகவோ காட்டும் படங்கள், வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதற்காகப் பல ஆயிரம் மடங்கு பெருக்கி வரைந்தவை.

கே: கருவி எதுவும் இல்லாமல், வீட்டு மொட்டைமாடியில் நின்று செய்ய ஒரு சோதனை சொல்லுங்கள்.

ப: அடுத்த சந்திர கிரகணம் வரை காத்திருங்கள். நிழல் நிலவை மூடும்போது அரைமணிக்கு ஒரு படம் எடுங்கள். படத்தை அச்சிட்டு, நிழலின் ஓரத்தில் ஒன்றுக்கொன்று தள்ளி மூன்று புள்ளிகள் வையுங்கள். புள்ளிகளைச் சேர்க்கும் இரண்டு கோடுகளுக்கும் மையச் செங்குத்து வரைந்தால், அவை சந்திக்கும் இடம் நிழல்வட்டத்தின் நடு. அதை மையமாக வைத்து வட்டத்தை முழுமையாக்குங்கள். நிலவின் விட்டத்தைப்போல இரண்டரை மடங்குக்குச் சற்றுக் கூடுதலாக வரும். ஓரம் மங்கலாக இருப்பதால் ஒவ்வொரு படத்துக்கும் விடை கொஞ்சம் மாறும், நான்கைந்து படங்களின் சராசரியை எடுங்கள். கூடுமானால் நிலவு உதிக்கும் நேரத்தில் நடக்கும் கிரகணத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்போது சூரியன் உங்கள் ஊருக்குப் பக்கவாட்டில் இருக்கும். பூமி தட்டு என்றால் விளிம்பு வழியாக ஒளி பட்டு, நிலவின் மேல் ஒரு பட்டைக்கோடுதான் விழ வேண்டும். உச்சியில் நிலவு நிற்கும்போது பிடித்த வளைவையும் உதிக்கும்போது பிடித்த வளைவையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், இரண்டும் பொருந்தும்.